மாசி, பங்குனியில் பிள்ளைகளோடு சைக்கிள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், எந்த சீட்?

சீவார்டு_வாசி
வெள்ளி, இரவு 9.40

திருவான்மியூர் கடற்கரைப் பக்கத்திலிருந்து எலியட்ஸ் பீச் வரைக்கும் ஞாயிறு காலைகளில் குடும்பமா சைக்கிளில் போய்வரத் திட்டம். ஒரு வழி சுமார் 3 கி.மீ. பெரியவங்க ரெண்டு பேர். மகளுக்கு ஆறு வயசு, உயரம் 114 செ.மீ., எடை 19 கிலோ, 16 இஞ்ச் சைக்கிள், சைடு வீல் இன்னும் கழற்றலை. மகனுக்கு ரெண்டரை வயசு, 12 கிலோ.

கையில் இருக்கும் பெரிய வண்டிகள்: கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒண்ணு, கனமான இரும்பு கேரியரோட. கியர் வச்ச ஹைப்ரிட் ஒண்ணு, சீட் தண்டில் கவ்விப் பிடிக்கிற அலுமினிய கேரியரோட.

1. எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பணும்?
2. மகனை எந்த வண்டியில், எப்படி உட்கார வைக்கிறது?
3. மகளுக்கு சைடு வீலோட போகலாமா, இல்லை 20 இஞ்ச் புதுசா வாங்கிடலாமா?
4. ரோட்டில் யார் முன்னால, யார் பின்னால?

---

மாடவீதி
வெள்ளி, இரவு 10.15

நேரத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய பெரும்பொழுதுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். சென்னையில் பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிப்போகும் பருவம் பின்பனியோடு சரி. இளவேனில் பெயரில்தான் இளமை, வெயிலில் இல்லை. ஆகவே உங்களுக்கு இருப்பது ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

சூரிய உதயம் பிப்ரவரி நடுவில் 6.30ஐ ஒட்டி, மார்ச் நடுவில் 6.15, ஏப்ரல் தொடக்கத்தில் 6.05க்குள். மாசியில் 6.30க்குக் கிளம்பி 8 மணிக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும். பங்குனியில் 6.10க்குக் கிளம்பி 7.30க்குத் திரும்ப வேண்டும். பிப்ரவரியில் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 31 டிகிரி அளவு, மார்ச்சில் 33. பார்க்க இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் அது நிழலில் எடுத்த அளவு. 16 இஞ்ச் சைக்கிளில் போகும் பிள்ளையின் முகம் தாருக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. நமக்கு இதமாக இருக்கும் எட்டரை மணி அதற்கு அடுப்படி.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடற்கரைக்குப் போகும் குறுக்குத் தெருக்கள் எல்லாம் கிழக்கு நோக்கியவை. உதயமான முதல் அரை மணி நேரம் சூரியன் நேரே கண்ணுக்குள் விழும். உங்களுக்கு மட்டும் இல்லை, உங்கள் பின்னால் வரும் தண்ணீர் லாரிக்காரருக்கும்தான். வடக்கு தெற்காகப் போகும் தெருக்களையே பெரும்பாலும் பிடியுங்கள். கிழக்கே திரும்ப வேண்டிய கடைசித் துண்டில் இறங்கித் தள்ளுங்கள்.

மாலை வேளை யோசனை இருந்தால், கடற்காற்று இருக்கும், வெப்பம் குறையும், உண்மை. ஆனால் ஞாயிறு மாலை எலியட்ஸ் பக்கம் கார் நிறுத்த இடம் தேடுவோர் கூட்டம். 6.15 வாக்கில் இருட்டவும் தொடங்கும். சின்னப் பிள்ளைக்கு அது ஒத்துவராது.

மாசி மகத்தன்று கடற்கரைப் பக்கமே வேண்டாம், தீர்த்தவாரிக் கூட்டம். பங்குனிப் பெருவிழாவில் தேர், அறுபத்துமூவர் நாட்களில் மயிலாப்பூர் வழியாகப் போகும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

---

டபுள்_ஸ்டாண்ட்
வெள்ளி, இரவு 11.02

ரெண்டாவது கேள்விக்கு.

ஹைப்ரிட்டில் இருக்கிற அலுமினிய கேரியரை முதல்ல மறந்துடுங்க. சீட் தண்டில் ஒரே இடத்தில் கவ்வுற கேரியர் பெரும்பாலும் 10 கிலோ வரைக்கும்தான் தாங்கும், அதிலேயே பொறிச்சிருக்கும் பாருங்க. 12 கிலோ பிள்ளை, 3 கிலோவுக்கு மேல சீட், மொத்தம் 15 தாண்டுது. பள்ளத்தில் குதிச்சதும் கவ்வு சுழலும், கேரியர் பக்கவாட்டில் திரும்பி டயர்ல உரசும்.

பிள்ளைக்கான பின் சீட் ரெண்டு வகை. ஒண்ணு, சீட் டியூபில் (சீட் தண்டு உள்ளே இறங்குற ஃபிரேம் குழாய்) பிராக்கெட் கவ்வி, அதிலிருந்து ரெண்டு கம்பி நீட்டிச் சீட்டைத் தாங்கும். இன்னொண்ணு நேரா கேரியர் மேல பூட்டுறது. முதல் வகைக்கு உருண்டையான டியூப் வேணும், வழக்கமா 28 முதல் 40 மி.மீ. விட்டம் கேட்பாங்க. வாங்கும் முன்னால டியூபைச் சுத்தி நூல் விட்டு அளந்து 3.14ஆல வகுத்துக்கோங்க. லேடீஸ் சைக்கிளில் வளைஞ்ச ரெட்டை டியூப் வந்து சேர்ற இடமும் பிரேக் கம்பியும் குறுக்கே வரும், பிராக்கெட் உட்காராது. அதில் ரெண்டாவது வகைதான் சரி. இரும்பு கேரியரோட கால் ரெண்டும் பின் அச்சில் நட்டால பிடிச்சிருக்கான்னு பாருங்க. 25 கிலோ பொறிச்ச கேரியரா இருந்தா நல்லது.

சீட்டில் இருக்க வேண்டியவை: தோள் பட்டை ரெண்டும் இடுப்புப் பட்டையும் சேர்ந்த ஐந்து முனை அல்லது மூணு முனை பெல்ட், தலைக்கு மேல வரைக்கும் முதுகுத் தாங்கல், ரெண்டு பக்கமும் கால் சக்கரத்துக்குள் போகாதபடி மூடின கால்தொட்டி, பாதத்தைக் கட்டுற பட்டை. இந்த வகைச் சீட்டில் பொதுவா 22 கிலோ வரைக்கும் ஏத்தலாம். உங்க மகனுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்.

வெறும் கேரியரில் தலையணையைக் கட்டி உட்கார வைக்கிற பழக்கம் இன்னும் ஊர் பூரா இருக்கு. வேண்டாம். பிள்ளைக்குக் கால் வைக்க இடம் இருக்காது, தொங்கும், ஆடும், போக்ஸுக்குள் (சக்கரக் கம்பிக்குள்) போகும்.

பின் சீட் போட்ட வண்டியில் காலைப் பின்பக்கமா வீசி ஏற முடியாது, பிள்ளை முகத்தில் உதை விழும். அதுக்காகவே லேடீஸ் சைக்கிள் சரி, நடுவில் காலை நுழைச்சு ஏறலாம். வரிசை இதுதான்: டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, பையைத் தொங்கவிட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா பிள்ளை. இறங்கும்போது முதல்ல பிள்ளை, அப்புறம் மத்ததெல்லாம். ஸ்டாண்டில் நிக்கிற வண்டியில் பிள்ளையை விட்டுட்டு கைய எடுக்கக்கூடாது. ஓடும்போது மட்டும் இல்லை, நிக்கும்போதும் வண்டி சாயும். சைடு ஸ்டாண்ட் மட்டும் இருந்தா கழற்றிட்டு டபுள் ஸ்டாண்ட் போடுங்க.

பிள்ளையை ஏத்தும் முன்னால 12 கிலோ அரிசிப் பையை பெல்ட் போட்டுக் கட்டி தெருவில் நாலு சுத்து சுத்துங்க. ஹேண்டில் லேசாகி ஆடும், பிரேக் பிடிச்சா நிக்கிற தூரம் கூடும். அந்தப் பழக்கம் கைக்கு வரட்டும்.

---

முதலுதவி_பெட்டி
சனி, காலை 6.20

போக்ஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை கூடுதலா.

பின் சக்கரத்தில் குதிகால் மாட்டுறது நம்ம ஊரில் பிள்ளைகளுக்கு வரும் சைக்கிள் காயங்களில் ரொம்ப வழக்கமானது. பாதம் போக்ஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நசுங்கும், குதிகால் தோல் மடல் மாதிரி கிழியும். முதல் நாள் பார்க்க சின்னக் கீறலாத் தெரியும். நசுங்கின தோலுக்கு ரத்த ஓட்டம் நின்னு, சில நாளில் கறுத்துப்போகும். அதனால "தோல்தானே" என்று மஞ்சள் வைச்சுட்டு உட்காராதீங்க.

மாட்டிக்கிட்டா காலை இழுக்காதீங்க. ஒருத்தர் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் வண்டியைத் தூக்கி சக்கரத்தை மெதுவா எதிர்ப்பக்கம் சுத்தணும். வரலைன்னா போக்ஸை வெட்டணும், பக்கத்து பஞ்சர் கடையில் கட்டிங் பிளேயர் இருக்கும். ஓடும் தண்ணியில் கழுவி, சுத்தமான துணி சுத்தி, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்க.

தடுக்கிறது சுலபம். லேடீஸ் சைக்கிளில் சாரி கார்டு ரெண்டு பக்கமும் போடுங்க. கடையில் ஒரு பக்கம் மட்டும் போட்டுத் தருவாங்க, கேட்டு வாங்கணும். காலில் செருப்பு வேண்டாம், ஷூ. பாவாடை, துப்பட்டா, நீளமான லேஸ் எல்லாம் செயினுக்குத் தீனி.

---

சீவார்டு_வாசி
சனி, காலை 7.05

நன்றிங்க. முன்னால ஹேண்டில் பக்கம் பொருத்துற சீட் சரிப்படுமா? பிள்ளை கண் முன்னால இருக்கும்னு வீட்டில் ஒரு கருத்து.

---

டபுள்_ஸ்டாண்ட்
சனி, காலை 7.30

முன் சீட்டுக்கு எடை வரம்பு 15 கிலோ அளவுதான். 12 கிலோ பிள்ளைக்கு இந்த வருஷம் மட்டும் பயன். முழங்கால் சீட்டில் இடிக்கும், காலை அகட்டி மிதிக்கணும். பார் கம்பியில் போல்ட் போட்டுப் பூட்டுற சின்னக் கம்பி சீட் இருக்கே, அதில் பெல்ட்டும் இல்லை, கால் தாங்கலும் பேருக்குத்தான். முன் சக்கரத்தில் கால் மாட்டினா வண்டியே குட்டிக்கரணம் அடிக்கும். பின் சீட்டே எடுங்க. பிள்ளை என்ன பண்றான்னு பார்க்க, கூட வர்ற இன்னொருத்தர் இருக்காங்களே.

---

குரங்குபெடல்
சனி, காலை 8.10

மூணாவது கேள்வி என் பேட்டை.

சைடு வீலோட ரோட்டுக்கு வரவே வராதீங்க. காரணம் சொல்றேன். நம்ம ரோடு நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு, மழைத்தண்ணி வடியணும் இல்லையா? பிள்ளை போறது ஓரத்தில். சின்னப் பள்ளம் வந்தா ரெண்டு சைடு வீலும் கரையில் நிக்கும், பின் சக்கரம் நடுவில் தொங்கும். பிள்ளை மிதிக்கும், சக்கரம் காத்துல சுத்தும், வண்டி நகராது. அது பரவாயில்லை. சரிவில் இறங்கும்போது அதே ஆனா, பின் பிரேக் பிடிச்சும் பலன் இல்லை, ஏன்னா பின் டயர் தரையையே தொடலை.

இந்த வாரமே கழற்றுங்க. 15 நம்பர் ஸ்பேனர் போதும். சைடு வீல் தகடு பின் அச்சு நட்டுக்கு அடியில்தான் இருக்கும், அதனால நட்டைக் கழற்றினதும் பின் சக்கரம் லூஸாகும். திரும்ப மாட்டும்போது சக்கரத்தைப் பின்னால இழுத்து, ரெண்டு பக்கமும் ஃபிரேமுக்கு நடுவில் இருக்கான்னு பார்த்து, செயினை விரலால் அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் ஆடுற மாதிரி வச்சு முறுக்குங்க. தொய்வா விட்டா முதல் பள்ளத்திலேயே செயின் கழலும். பலர் சைடு வீலைக் கழற்றிட்டு "இப்பதான் செயின் கழலுது, சைக்கிள் சரியில்லை"ன்னு சொல்றது இதனாலதான்.

அடுத்து ரெண்டு பெடலையும் கழற்றுங்க. இடது பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம். குழம்பாம இருக்க ஒரு வழி: ஸ்பேனரை பெடல் அச்சில் மாட்டி, பிடி மேல் நோக்கி நிக்கட்டும். பிடியை சைக்கிளோட பின்பக்கமாத் தள்ளினா ரெண்டு பெடலும் கழலும், முன்பக்கமாத் தள்ளினா ரெண்டும் இறுகும். துருப்பிடிச்சிருந்தா முந்தின நாள் ராத்திரியே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வைங்க.

சீட்டை, பிள்ளை உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தட்டையாத் தரையில் படுற அளவுக்கு இறக்குங்க. முதல்ல உட்கார்ந்தபடியே நடை. அப்புறம் ரெண்டு காலாலும் உந்தி ஓட்டம். காலைத் தூக்கிட்டு ஐந்தாறு மீட்டர் சறுக்கிப் போய், வளைவிலும் விழாம வந்தா பெடலைத் திரும்ப மாட்டுங்க. ஆறு வயசுப் பிள்ளை பெரும்பாலும் சில நாளில் அந்த இடத்துக்கு வந்துடும். நம்ம காலத்தில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டதும் இதே கதைதான், முதல்ல சமநிலை, அப்புறம் மிதி.

பின்னால சீட்டைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு ஓடாதீங்க, உங்க முதுகுதான் போகும். ஹேண்டிலைப் பிடிச்சா பிள்ளை சமநிலையே கத்துக்காது. கைவச்சே ஆகணும்னா அக்குளுக்குக் கீழே லேசா.

20 இஞ்ச் இப்ப வேண்டாம். 114 செ.மீ. பிள்ளைக்குக் கால் உள்நீளம் 50 செ.மீ. பக்கம்தான் வரும். சுவரோட நிக்க வச்சு, கால் நடுவில் ஒரு புத்தகத்தை நிமிர்த்தி ஏத்தி, தரையிலிருந்து அளங்க. 20 இஞ்ச் சைக்கிளில் சீட்டை அடிமட்டம் இறக்கினாலும் பெரும்பாலும் 55க்கு மேல நிக்கும். வளர்ற பிள்ளைதானேன்னு ரெண்டு சைஸ் பெரிசா சட்டை எடுக்கலாம், கையை மடிச்சு விட்டுக்கலாம். சைக்கிளை மடிக்க முடியாது.

---

டபுள்_ஸ்டாண்ட்
சனி, காலை 8.45

குரங்குபெடல் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனா சில நாளில் வந்துடும்னு சொல்றதுக்கு முன்னால வண்டியோட எடையைப் பார்க்கணும். நம்ம கடைகளில் விக்கிற 16 இஞ்ச் இரும்பு சைக்கிள் சைடு வீல், கூடை, கேரியர், முதுகுத் தாங்கல் எல்லாம் சேர்த்து 11, 12 கிலோ வரும். 19 கிலோ பிள்ளைக்கு 12 கிலோ வண்டின்னா, 70 கிலோ ஆள் 44 கிலோ சைக்கிளை ஓட்டுற மாதிரி. நாம ஓட்டுவோமா?

பிள்ளை எடையில் 40 சதவீதத்துக்குள் வரணும், உங்க மகளுக்கு ஏழரை கிலோ. இரும்பு வண்டியில் அது கிடைக்காது, ஆனா குறைக்கலாம். சைடு வீல், பின் கேரியர், கூடை, பொய் டேங்க் மாதிரி மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் எல்லாத்தையும் கழற்றினா ஒண்ணரை முதல் ரெண்டு கிலோ குறையும். செயின் கவரும் மட்கார்டும் பெல்லும் மட்டும் இருக்கட்டும். அடுத்த வண்டி வாங்கும்போது முன் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக் வச்சதெல்லாம் வேண்டாம். அந்த எடைக்கு அந்த வயசில் ஒரு பலனும் இல்லை. ரத்தன் பஜார் போனாலும் சரி, மால் கடைக்குப் போனாலும் சரி, கையில் ஒரு தராசு கொண்டுபோங்க. பெட்டியைத் தூக்குற கொக்கித் தராசு போதும்.

பிரேக். பிள்ளையை உட்கார வச்சு ரெண்டு பிரேக்கையும் பிடிக்கச் சொல்லிட்டு, நீங்க பின்னாலிருந்து தள்ளுங்க. சக்கரம் உருண்டா பிரேக் இல்லைன்னு அர்த்தம். பெரும்பாலும் ரெண்டு காரணம். லீவர் விரலுக்கு எட்டாது: லீவர் உள்பக்கம் சின்ன ஸ்க்ரூ இருக்கும், உள்ளே திருகினா லீவர் கிட்ட வரும். இல்லைன்னா கேபிள் துரு, உங்க ஏரியாவில் உப்புக் காத்துக்கு அது சீக்கிரமே வரும். உள் கம்பியும் வெளி உறையும் சேர்த்து மாத்துங்க. கம்பியை மட்டும் மாத்தினா பழைய உறையில் இருக்கிற துரு புதுசையும் பிடிச்சுக்கும்.

---

குரங்குபெடல்
சனி, காலை 9.00

எடை விஷயம் ஒத்துக்கறேன். நான் பெடலைக் கழற்றச் சொன்னதில் முந்நூறு கிராம் குறைஞ்சதைக் கணக்கில் சேர்த்துக்கோங்க :)

---

கேகேநகர்_காலை
சனி, காலை 10.20

நாலாவது கேள்வி.

பெரியவங்க ரெண்டு பேர் இருக்கும்போது: முன்னால மகனை வச்சிருக்கிற வண்டி, நடுவில் மகள், பின்னால ஹைப்ரிட். பின்னால வர்றவர் மகளுக்கு நேர் பின்னால இல்லாம, அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி வரணும். நம்ம ஊரில் முந்துறது வலப்பக்கம்தான், அந்த இடத்தை நீங்க அடைச்சுக்கிட்டா முந்துறவங்க உங்களைச் சுத்தித்தான் போகணும். ஒரே பெரியவர்னாலும் அதே இடம்தான், பின்னால வலப்பக்கம். முன்னால போகாதீங்க, பிள்ளை நின்னது தெரியாது.

16 இஞ்ச் சைக்கிளில் ஒரு சுத்து மிதிச்சா ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல போகும். நிமிஷத்துக்கு அறுபது சுத்துன்னா மணிக்கு 8 கி.மீ. கூடப் போகாது. கியர் இல்லாத பெரிய வண்டியில் அந்த வேகத்தில் பின் சீட் எடையோட போனா ஹேண்டில் ஆடும். பின் பிரேக்கை லேசா உரசவிட்டு மிதிச்சா வண்டி நிதானமாகும்.

ஓரத்தில் நிக்கிற கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே போங்க, கதவு திறக்கும். "பாத்து, பாத்து"ன்னு கத்தாதீங்க. பிள்ளைக்கு எதைப் பார்க்கணும்னு தெரியாது, உங்களைத் திரும்பிப் பார்க்கும். தலை திரும்புற பக்கமே ஹேண்டிலும் திரும்பும். மூணே வார்த்தை வச்சுக்கோங்க: "நில்லு", "ஓரம்", "மெதுவா". வீட்டு வாசலில் பழக்கிட்டு அப்புறம் தெருவுக்கு வாங்க.

சந்திப்பு எல்லாத்திலும் இறங்கித் தள்ளிக் கடக்கணும், சிக்னல் இருந்தாலும். வால்மீகி நகர், கலாக்ஷேத்ரா காலனி உள்தெருக்கள் காலையில் பரவாயில்லை. எல்.பி. ரோடு பக்கம் போகாதீங்க, மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை, தகர வேலி, பாதி ரோடு. வேலை நடக்கிற இடத்தில் ரோட்டை மூடிப் போட்டிருக்கிற இரும்புத் தகடு மாசிப் பனியில் நனைஞ்சு சோப்பு மாதிரி வழுக்கும். அதில் பிரேக்கும் பிடிக்கக்கூடாது, திரும்பவும் கூடாது, நேரா உருண்டு போகணும்.

பாதாள சாக்கடை மூடி, மழைநீர் வடிகால் கம்பி ரெண்டையும் பிள்ளைக்குத் தனியா காட்டிக் கொடுங்க. கம்பி இடுக்கு ரோட்டுக்கு நேர்வாக்கில் இருந்தா சின்ன டயர் உள்ளே இறங்கிடும். வாசல் தெளிச்ச ஈரமும் அப்படித்தான். கோலத்து மேல ஏத்தாதீங்க, வழுக்கும். அந்த வீட்டு அம்மாவோட பாட்டு தனி.

மத்த ஏரியாக்காரங்களுக்கு: கே.கே. நகர், அசோக் நகர், அண்ணா நகர் மாதிரி கட்டம் போட்ட பேட்டைகளில் உள்தெருவிலேயே நாலு பக்கமும் இடது திருப்பம் மட்டும் எடுத்து ஒரு பிளாக்கைச் சுத்தலாம், ரோடு கடக்கவே வேண்டாம். ஈ.சி.ஆர். வேண்டாம். அங்கே காலையில் போற சைக்கிள் குழுக்களைப் பார்த்து ஆசைப்படாதீங்க, அவங்க வேகம் வேற, கூட வர்ற கார்கள் வேகம் வேற.

தூரம்: ஆறு வயசுக்கு, புதுசா சைடு வீல் கழற்றின பிள்ளைக்கு, முதல் மூணு வாரம் மொத்தமே 2 கி.மீ. எலியட்ஸ் போய்வர 6 கி.மீ. நாலாவது, ஐந்தாவது வாரம் பார்க்கலாம். அதிலும் பாதி வழியில் திரும்பத் தயாரா இருங்க. பிள்ளை "போதும்"னு சொல்றப்ப திரும்பினா லேட். சொல்றதுக்கு முன்னால திரும்பணும், வீட்டுக்கும் அதே தூரம் மிதிக்கணும் இல்லையா.

---

சீவார்டு_வாசி
சனி, காலை 11.00

ஹெல்மெட்? வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கின பைக் ஹெல்மெட் இருக்கு, அதையே போட்டுடலாமா?

---

முதலுதவி_பெட்டி
சனி, காலை 11.25

வேண்டாம். ஐ.எஸ். 4151 முத்திரை மோட்டார் பைக் ஹெல்மெட்டுக்கு. சைக்கிளுக்கு அது கனம், காதை மூடும், காத்தோட்டம் இல்லை. மிதிக்கிற பிள்ளைக்கு வேர்த்து ஊத்தும், ரெண்டரை வயசுக் கழுத்துக்கு அந்த எடை ஆகாது. சைக்கிள் ஹெல்மெட்டில் இ.என். 1078 என்று உள்பக்கம் ஒட்டியிருக்கும். 2022 பிப்ரவரியில் அறிவிச்ச மோட்டார் வாகன விதியே, நாலு வயசுக்குக் கீழ் பிள்ளையை பைக்கில் ஏத்தும்போது சைக்கிள் ஹெல்மெட்டை ஏத்துக்குது. அது பைக்குக்கான விதி, மிதிக்கிற சைக்கிளுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. ஆனா போடுங்க.

அளவு: புருவத்துக்கு மேல நாடாவால தலையைச் சுத்தி அளங்க. ரெண்டரை வயசுக்கு 48, 49 வரும், ஆறு வயசுக்கு 51 பக்கம். போட்டதும் புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம்தான் இருக்கணும், பட்டை காதுக்குக் கீழே வி மாதிரி சேரணும், தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல். எண்ணெய் தேய்ச்சு உச்சியில் கொண்டை போட்டா ஹெல்மெட் உட்காராது, தாழ ரெட்டைச் சடை பின்னுங்க. சறுக்குமரத்துக்கு ஓடும் முன்னால கழற்றிடணும். கம்பியில் பட்டை மாட்டினா கழுத்து இறுகும்.

பின் சீட்டில் பிள்ளை தூங்கினா தலை முன்னால தொங்கும், பெல்ட் தோளிலிருந்து நழுவும். நிறுத்துங்க. ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போதும், பத்து நிமிஷம் இறக்கி ஓடவிட்டு அப்புறம் ஏத்துங்க. மிதிக்காம சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அதிகாலைக் காத்தில் குளிரும், மிதிக்கிற பிள்ளைக்கு வேர்க்கும். ரெண்டுக்கும் ஒரே மாதிரி உடுத்தாதீங்க.

தண்ணி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நூறு மில்லி, தாகம் கேட்கிற வரை காத்திருக்காம. திரும்பினதும் உப்பு போட்ட மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு, வேர்வைக்கு அது மட்டும் ஈடாகாது. முகம் சிவந்து, காரணமில்லாம அழுது, தலை வலிக்குதுன்னா அதோட சவாரி முடிஞ்சது. நிழல், தண்ணி, வீட்டுக்கு ஆட்டோ. சைக்கிளைப் பூட்டிட்டு வந்து அப்புறமா எடுத்துக்கலாம்.

---

மாடவீதி
சனி, பகல் 12.10

தெருநாய் பற்றி யாரும் சொல்லவில்லையே. விடியலில் கூட்டமாகப் படுத்திருக்கும். துரத்தினால் வேகமெடுக்கக் கூடாது, பிள்ளையின் வேகம் அதற்கு விளையாட்டு. நின்று, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நகருங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

---

நெருஞ்சிமுள்
சனி, மாலை 5.30

எல்லாரும் பெரிய விஷயம் பேசிட்டீங்க. டயரைப் பத்தி நான்.

மாசி, பங்குனிதான் பஞ்சர் சீசன். மழைக்காலத்தில் மணல் பாங்கான ஓரங்களில் படர்ந்த நெருஞ்சி இப்ப காய்ஞ்சு, முள்ளுக்காய் தனியா உதிர்ந்து கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல பார்த்து நிக்கும். காலி மனை, கடற்கரை ஓர மண் பாதை, ஃபுட்பாத் விளிம்பு, இங்கெல்லாம் பிள்ளைங்க ஆசையா ஏத்துவாங்க. ஏத்தினா டயரைக் கையால தடவாம பழைய துணியால தடவிப் பாருங்க. குத்தின முள்ளை ரோட்டில் பிடுங்காதீங்க, பிடுங்கினா காத்து மொத்தமும் போகும். வீட்டுக்கு ரெண்டு தெரு தூரம்னா முள்ளோடவே மெதுவாத் தள்ளிட்டு வரலாம்.

கடற்கரை மணலில் உருட்டவே உருட்டாதீங்க. மணலும் உப்பும் செயினில் சேர்ந்தா ரெண்டு வாரத்தில் செம்பழுப்பு. போய்வந்ததும் ஒரு மக் நல்ல தண்ணி, காய்ஞ்ச துணி, நிழலில் அரை மணி, அப்புறம் கண்ணிக்கு ஒரு சொட்டுச் செயின் எண்ணெய், மிச்சத்தைத் துடைக்கணும். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்காகி மணலைப் பிடிச்சு வச்சுக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு வாரம் தாங்கும், வேற இல்லைன்னா பரவாயில்லை. மொட்டை மாடி வெயிலில் சைக்கிளை நிறுத்தினா டயர் பக்கவாட்டில் வெடிப்பு விழும்.

---

சீவார்டு_வாசி
சனி, இரவு 8.15

மகளோட டயரில் எவ்வளவு காத்து? பெட்ரோல் பங்கில் அடிச்சுக்கலாமா? இன்னிக்கு சைடு வீலும் பெடலும் கழற்றியாச்சு, செயின் ஒரு சென்டிமீட்டர் சரியா இருக்கு.

---

நெருஞ்சிமுள்
சனி, இரவு 8.50

டயர் பக்கத்தில் அதிகபட்ச அளவு பொறிச்சிருக்கும், 16 இஞ்சுக்குப் பெரும்பாலும் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. அது அதிகபட்சம்தான், அவ்வளவு அடிக்கணும்னு இல்லை. 19 கிலோ பிள்ளைக்கு 25 போதும். கல்லு மாதிரி அடிச்சா ஒவ்வொரு கல்லிலும் ஹேண்டில் துள்ளும், புதுசா ஓட்டுற பிள்ளை பயந்துடும். மகனை ஏத்துற லேடீஸ் சைக்கிளில் மட்டும் பின் டயர் கெட்டியா இருக்கணும், பொறிச்ச அளவுக்குப் பக்கத்தில்.

பங்க் கம்ப்ரெசர் வேண்டாம். சின்ன டியூப், ரெண்டு நொடியில் அளவு தாண்டி டயர் ரிம்மை விட்டு வெளியே வரும், டமார். கைப்பம்ப் வாங்கிடுங்க. பைக் மாதிரி வால்வா, பழைய சைக்கிள் வால்வான்னு பார்த்து வாங்கணும், வாய் வேற வேற.

பழைய வகைன்னா வால்வு டியூப் ரப்பர் நாலு துண்டு பையில் இருக்கட்டும். ராத்திரி அடிச்ச காத்து காலையில் இறங்கியிருந்தா பஞ்சர்னு நினைச்சு டியூபைப் பிரிக்கும் முன்னால, வால்வு வாயில் எச்சில் தொட்டு வைங்க. குமிழ் வந்தா ரப்பர்தான் போச்சு. புதுசை மாட்டும்போதும் எச்சில் தொட்டுத்தான் நுழைக்கணும், எண்ணெய் தொடாதீங்க, ரப்பர் ஊறி நாலு நாளில் மறுபடி கசியும்.